அணை நீர் ஓடுதளம் ஆகுமா? நீர்நில விமானமும் கிருஷ்ணகிரி நீர்த்தேக்கங்களும்

கெலமங்கலத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்குச் சிறிய விமானம் அதிசயப் பொருள் அல்ல. ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், பெலகொண்டப்பள்ளியில், தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் சுமார் 7,000 அடி நீள ஓடுதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2024 ஜூன் 27 அன்று ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 9-ல் விஜயவாடா பிரகாசம் தடுப்பணையிலிருந்து ஸ்ரீசைலத்துக்கும், நவம்பர் 11-ல் கொச்சி போல்காட்டியிலிருந்து மூணாறு பக்கத்து மாட்டுப்பெட்டி அணைக்கும் ட்வின் ஆட்டர் சீபிளேன் வெள்ளோட்டம் நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று சீபிளேன் சேவை இல்லை. ஆனால் ஓடுதளம் ஒரு பக்கம், கெலவரப்பள்ளி அணையும் கிருஷ்ணகிரி அருகே உள்ள கே.ஆர்.பி. அணையும் இன்னொரு பக்கம் என்று இருக்கும்போது, "இங்கேயும் ஒன்று விட்டால் என்ன?" என்ற கேள்வி ஒருநாள் மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வராமல் போகாது. வரும்போது நீர்வளத் துறைப் பொறியாளர், மீனவர் சங்கத்தார், ஊராட்சித் தலைவர், பயணச்சீட்டு வாங்கப்போகிறவர் என எல்லோரும் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் விமானத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீபிளேன் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. சக்கரமே இல்லாத, வெறும் மிதவைகளில் மட்டும் நிற்கும் விமானம் ஒன்று. அது நீரில் கிளம்பி நீரிலேயே இறங்கும். மற்றொன்று மிதவைக்குள் சக்கரங்களை மடக்கி வைத்திருக்கும் நீர்நில விமானம். ஓடுதளத்தில் இறங்கும்போது சக்கரம் வெளியே வர வேண்டும். நீரில் இறங்கும்போது உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் முயன்று பார்த்த சேவைகளில் பல இந்த இரண்டாம் வகைதான். 2010 டிசம்பர் 30-ல் பவன் ஹன்ஸ் நிறுவனம் தொடங்கிய 'ஜல் ஹன்ஸ்' அந்தமானில் ஓட்டிய செஸ்னா காரவன் அப்படிப்பட்டது. நமது மாவட்டத்துக்கும் வந்தால் இதுதான் வரும். எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெலகொண்டப்பள்ளி போன்ற தரைத் தளத்தில், உல்லாசப் பயணம் அணையில் என்று திட்டம் போடுவதுதான் சிக்கனம். அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே முதல் ஆபத்தும் உட்கார்ந்திருக்கிறது.

சக்கரம் வெளியே நீட்டியபடி நீரைத் தொட்டால் என்ன ஆகும்? மிதவையின் வழுவழுப்பான அடிப்பாகம் நீர்மேல் வழுக்கி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. சக்கரமோ நீரை வெட்டிப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் விமானத்தின் கீழ்ப்பகுதி பிடிபட்டு நிற்க, மேற்பகுதி வந்த வேகத்தில் முன்னோக்கிச் சாயும். ஓரிரு விநாடிகளில் விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்து, பயணிகள் நீருக்கடியில், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் விபத்து விசாரணைக் கோப்புகளில் இவ்வகை திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு எதிரான பிழையையும் பாருங்கள்: சக்கரத்தை இறக்க மறந்து ஓடுதளத்தில் இறங்கினால் மிதவையின் அடி தரையில் உராயும், பெயின்ட்டும் தகடும் போகும். பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் நடந்தே வெளியே வருவார்கள். ஒரே மறதிதான். ஒரு பக்கம் செலவு பணிமனைக் கணக்கு. மறுபக்கம் செலவு உயிர். எனவே தரையிலிருந்து எழுந்ததும் சக்கரத்தை மடக்கிவிட வேண்டும், இறங்கும் கடைசி நிமிடம் வரை மடங்கியே இருக்க வேண்டும், நீரா தரையா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும் என்பது இந்த விமானத்தை ஓட்டுபவர்களின் அடிப்படை ஒழுக்கம்.

இதற்குக் கருவி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. சக்கரம் மடங்கியிருந்தால் நீல விளக்கு, வெளியே இருந்தால் பச்சை விளக்கு. வேகம் குறையும்போது சக்கரத்தின் நிலையை உரக்கச் சொல்லும் குரல். மிதவையை விமானியே பார்த்துக்கொள்ள இறக்கையடியில் கண்ணாடி. எல்லாம் நல்லவை, எல்லாம் தேவை. ஆனால் வழக்கமாகப் பொருத்தப்படும் அந்தக் குரல் கருவிக்கு ஒன்று தெரியாது: கீழே வருவது தண்ணீரா, தார்த்தளமா? சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் அது சொல்லும். அது சரியா தவறா என்று முடிவுசெய்ய வேண்டியவர் விமானி. ஒவ்வொரு இறக்கத்திலும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும் குரல் சில வாரங்களில் காதுக்குப் பழகிப்போய்விடும். நமது இடத்தின் தூரத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். பெலகொண்டப்பள்ளியிலிருந்து கே.ஆர்.பி. அணை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கெலவரப்பள்ளி இன்னும் அருகே. இத்தனை குறுகிய பயணத்தில் 'கிளம்பும் வேலை' முடிந்து 'இறங்கும் வேலை' தொடங்குவதற்கு இடையே விமானிக்கு மூச்சுவிட நேரமில்லை. தரையிலிருந்து நீர், நீரிலிருந்து தரை என்று ஒரு நாளில் எட்டு முறை மாறி மாறி இறங்குபவர் ஒன்பதாவது முறை தடுமாறுவதற்கு அவர் திறமையற்றவராக இருக்க வேண்டியதில்லை. குறுகிய தூரம் பாதுகாப்பானது என்ற பொதுப் புத்தி இந்த விமானத்தைப் பொறுத்தவரை தலைகீழானது.

மாலத்தீவை எடுத்துக்காட்டிப் பலரும் இதை மறுப்பார்கள். அங்கே டிரான்ஸ் மால்தீவியன் நிறுவனம் உலகின் மிகப் பெரிய சீபிளேன் படையை வைத்திருக்கிறது. நாள் முழுவதும் ட்வின் ஆட்டர்கள் நீரில் இறங்கி ஏறுகின்றன. அப்புறம் என்ன பயம்? அந்த எடுத்துக்காட்டு உண்மையானது. ஆனால் அந்த விமானங்கள் சக்கரமற்ற மிதவை விமானங்கள். மறப்பதற்கு அங்கே சக்கரமே கிடையாது. நமக்கு நெருக்கமான ஒப்புமை இலங்கைதான். 2013 முதல் சினமன் ஏர் நிறுவனம் கட்டுநாயக்க ஓடுதளத்திலிருந்து கிளம்பி மலையக நீர்த்தேக்கங்களில் காரவன் விமானங்களை இறக்கிவருகிறது. அதைப் பார்த்து, நீர்நில விமானத்தை ஒழுங்காக ஓட்ட முடியும் என்று நம்பலாம், நானும் நம்புகிறேன். அதைச் சாத்தியமாக்குவது அன்றாடப் பழக்கம். தெரிந்த இடங்களுக்கு, தெரிந்த நீர்ப்பரப்புகளுக்கு, ஆண்டுக்கணக்காகப் போய்வரும் பழக்கம். இந்தியாவில் அந்தப் பழக்கம் ஊறுவதற்குள் சேவை நின்றுவிடுகிறது. குஜராத்தில் சபர்மதியிலிருந்து கேவடியாவுக்கு 2020 அக்டோபர் 31-ல் பிரதமர் தொடங்கிவைத்த சேவை 2021 ஏப்ரலில் நின்றது. தொடக்க விழா, வெள்ளோட்டம், அமைச்சரின் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டிய நெருக்கடி, ஊருக்குப் புதிய விமானி: நீர்நில விமானத்துக்கு மிக ஆபத்தான நாள் அதன் திறப்பு விழா நாள் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

இனி நீரைப் பார்ப்போம். ஓடுதளம் ஒருமுறை போட்டால் காலையும் மாலையும் அதே ஓடுதளம். நீர்ப்பரப்போ ஒரு மணி நேரத்துக்கு முன்பு இருந்தது போல இப்போது இருக்காது. ஓசூர் மேட்டுநிலத்தின் மார்கழிக் காலைகளில் பனிமூட்டம் விலகியதும் காற்றே இல்லாமல் அணை அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு அதைவிட அழகான, பாதுகாப்பான நீர் வேறில்லை. விமானிக்கோ அதுதான் மிகக் கொடிய நீர். அலை இல்லாத பரப்பு வானத்தை அப்படியே காட்டுவதால், பத்தடி உயரத்தில் இருக்கிறோமா ஐம்பதடியிலா என்று கண் சொல்லாது. மிக உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டால் விமானம் தூக்குவிசை இழந்து விழும். தூக்காமலே வந்தால் நீரில் மூக்கு குத்தும். அதனால் கண்ணை நம்பாமல், என்ஜின் விசையை ஒரே அளவில் வைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காமல், தானாக நீரைத் தொடும் வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சி நூல்கள் சொல்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 அடி உயரத்திலிருந்து அந்த வேகத்தில் இறங்க 80 விநாடி ஆகும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 80 விநாடி என்றால் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீர் கடந்துபோயிருக்கும். தொட்ட பிறகு ஓடி நிற்கவும் நீளம் வேண்டும். கரையோர மரங்களை அளவுகோலாக வைத்துத் தாழப் பறந்து வந்தால் இந்த நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் எந்தக் கரை, எந்த மரம், அங்கே மின்கம்பி போகிறதா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் நிலைமை நேர் எதிர். தென்மேற்குப் பருவக்காற்று மேட்டுநிலத்தில் வாரி அடிக்கும்போது அலை எழும்பி, மிதவை ஒவ்வொரு அலையிலும் தூக்கிப் போடப்பட்டு விமானம் துள்ளத் தொடங்கும். அந்தத் துள்ளலை இரண்டாவது தடவைக்குள் அடக்காவிட்டால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாகும்.

உயரமும் ஒரு சேதி சொல்கிறது. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். 30 டிகிரி வெயிலில் இங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் 5,500 அடி உயரத்துக் காற்றின் அடர்த்தியாக இருக்கும். விமானத்தின் வேகமானி கடலோரத்தில் காட்டும் அதே எண்ணைத்தான் இங்கும் காட்டும். ஆனால் உண்மையில் நீரைத் தொடும் வேகம் அந்த எண்ணைவிட எட்டு விழுக்காடு அதிகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். மாலத்தீவிலோ அந்தமானிலோ சரியாக அமைந்த இறக்கம் இங்கே கொஞ்சம் கடுமையாக அமையும். ஏறும்போது என்ஜின் இன்னும் திணறும். கிருஷ்ணகிரி தாழ்வான இடம் என்பதால் கே.ஆர்.பி. அணைக்கு இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு.

கெலவரப்பள்ளிக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்குப் பழுதுபார்க்க வந்த கேட்டலினா என்னும் பறக்கும் படகுகள் அருகிலிருந்த பெல்லந்தூர் ஏரியில்தான் இறங்கின. அதே பெல்லந்தூர் ஏரி பிற்காலத்தில் நுரைத்துப் பொங்கியது. 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்த செய்தி உலகெங்கும் போனது. அந்த ஏரியின் கழிவுநீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, எல்லை தாண்டி, முதலில் வந்து தேங்கும் அணை கெலவரப்பள்ளி. மழைக்காலத்தில் அணையைத் திறக்கும்போது ஆற்றில் பனிமலை போல நுரை குவிவதை ஓசூர்க்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நுரையும் ஆகாயத்தாமரையும் மிதக்கும் நீரில் விமானம் இறக்குவதில் நாற்றத்தைவிடப் பெரிய கேடு, அவற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான். பாதி மூழ்கிய ஒரு மரக்கட்டை மிதவையைக் கிழிக்கப் போதும். மிதவை பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். 2017 வரை இருந்த அமெரிக்க விதிப்படி ஒரு மிதவையின் இரண்டு அறைகளில் நீர் புகுந்தாலும் விமானம் கவிழாமல் மிதக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கு அது போதுமான காப்பு. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கிழிந்து இழுபட்டால் விமானம் அந்தப் பக்கமே திரும்பி விழும். அப்படி விழுந்தவரைக் காப்பாற்றக் குதிக்க வேண்டிய நீரும் இதே கழிவுநீர்தான் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கே.ஆர்.பி. அணையில் இந்தக் குறை இத்தனை இல்லை. ஆனால் அது பாசன அணை. முழுக் கொள்ளளவு 52 அடி என்பது நல்ல மழை ஆண்டின் கணக்கு. சித்திரையில் நீர் இறங்கும்போது பாறையும் பட்ட மரத்தின் அடியும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். போன தை மாதம் இறங்கிய இடத்தில் இந்த வைகாசியில் இறங்க முடியாது. மதகு திறந்திருந்தால் நீரோட்டம் வேறு. 2017 நவம்பரில் இந்த அணையின் ஷட்டர் ஒன்று உடைந்து நீர் பீறிட்டு வெளியேறியதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசலும் மீன் வலையும் இருக்கின்றன. நீரில் ஓடும் விமானத்துக்குப் பிரேக் கிடையாது. என்ஜின் ஓடும் வரை அது பெரும்பாலும் நகர்ந்துகொண்டே இருக்கும்; மூக்கு உயர்ந்து ஓடும் சில விநாடிகள் விமானிக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. 2024 ஜூன் 8-ல் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தில், சீபிளேன்கள் தினசரி வந்துபோகும் இடத்திலேயே, கிளம்பிக்கொண்டிருந்த மிதவை விமானம் ஒரு படகில் மோதியது. நெடுங்காலப் பழக்கம் உள்ள துறைமுகத்துக்கே அந்தக் கதி. அப்படியானால் மீனவர்களை அப்புறப்படுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், 2013-ல் கேரளத்தில் சீபிளேன் திட்டம் மீனவர் எதிர்ப்பில் முடங்கியதை அவருக்கு நினைவூட்ட வேண்டும். அங்கே மீனவர்கள் பேசியது பிழைப்பைப் பற்றி. ஆனால் பாதுகாப்புக் கணக்கிலும் அவர்கள் பக்கமே நியாயம். அணையில் முதலில் விபத்தைப் பார்ப்பவரும், முதலில் போய்ச் சேர்பவரும் பரிசல்காரர்தான். அவரை வெளியேற்றிவிட்டு இறக்கும் விமானத்துக்கு மீட்புப் படகு எங்கிருந்து வரும்? நேரம் குறித்து, பாதை குறித்து, சம்பளம் கொடுத்து அவர்களையே காவல் படகாக வைத்துக்கொள்வதுதான் அறிவுள்ள வழி. யானை விஷயமும் உண்டு: மாட்டுப்பெட்டியில் வனத்துறை எழுப்பிய ஆட்சேபம் அதுவே. ஓசூர் வனக்கோட்டத்தில் யானைகள் ஏரியில் இறங்கி நிற்பது வழக்கமான காட்சி என்பதால் இங்கும் அதே ஆட்சேபம் எழும். கேவடியாவிலோ விமானத்துக்காக 2019-ல் குளத்து முதலைகளையே இடம்பெயர்த்தார்கள்.

இதுவரை சொன்னவை விபத்து நேராமல் தடுப்பது பற்றி. நேர்ந்த பிறகு நடப்பதுதான் உயிர்க் கணக்கை முடிவுசெய்கிறது. நம் ஊர் விவாதங்களில் யாரும் பேசாத பகுதியும் இதுவே. 2009 நவம்பர் 29-ல் கனடாவின் சட்டுர்னா தீவில் எட்டுப் பேருடன் கிளம்பிய பீவர் மிதவை விமானம் நீரில் விழுந்தது. விமானியும் ஒரு பயணியும் வெளியே வந்தார்கள். மற்ற ஆறு பேரும் விமானத்துக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். மோதலில் கதவுகள் சில திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தன. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டே இரண்டைக் கேட்டது: அவசரத்தில் எளிதில் திறக்கும் கதவும் சன்னலும்; பயணம் முழுவதும் பயணிகள் உடலில் அணிந்திருக்கும் மிதவை உடை. பத்தாண்டுக்குப் பிறகு, 2019-ல், உடை அணிவதும் விமானிகளுக்கு நீருக்கடியில் வெளியேறும் பயிற்சியும் கனடாவில் விதியாயின. தலைகீழான விமானத்துக்குள் திசை குழம்பிவிடும்; மின்சாரம் போன இரவில் வேறொருவர் வீட்டில் தாழ்ப்பாளைத் தேடுவது போலத்தான், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. ஆகவே விமானம் நிற்கும் வரை பெல்ட்டைக் கழற்றக் கூடாது. கழற்றும் முன் ஒரு கையால் கதவையோ சன்னல் சட்டத்தையோ பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த கையை விடாமல் அதை நோக்கியே போக வேண்டும். மிதவை உடையை உள்ளே ஊதக் கூடாது. 1996-ல் கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஊதிக்கொண்ட பலர் நீர் ஏற ஏறக் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் இறந்தார்கள். இருக்கைக்கு அடியில் பையில் கட்டி வைத்த உடை கவிழ்ந்த விமானத்தில் இல்லாததற்குச் சமம்.

இவ்வளவு யோசித்தால் ஒன்றுமே நடக்காது, ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் போவதைவிடவா இது ஆபத்து என்று ஒரு வாதம் வரும். நெடுஞ்சாலை ஆபத்தானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு வேலை இருக்கிறது, வேறு வழி இல்லை. அணையில் சீபிளேன் ஏறுபவர் உல்லாசத்துக்காகப் போகிறார். தேவைக்காக ஏற்கும் ஆபத்தை வைத்து விருப்பத்துக்காக ஏற்கும் ஆபத்தை நியாயப்படுத்தக் கூடாது. மேலும் இங்கே கேட்கப்படுபவை பெரிய செலவுகள் அல்ல. காலையில் ஒரு படகு பாதை முழுவதும் போய்வந்து மிதக்கும் பொருளைப் பார்ப்பது, நீர்மட்டத்தை விமானிக்கு அன்றன்றே சொல்வது, அலை இல்லாத காலையில் அந்தப் படகையே ஓட்டி நீரில் கோடு போட்டுக்கொடுப்பது, பயணிக்கு உடையைப் போட்டுவிடுவது. விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் இவை டீக்காசு. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) நீர் விமானத் தளங்களுக்கு உரிம விதி வகுத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நடைமுறையை எளிதாக்கின. காகிதம் எளிதாவதில் தவறில்லை. ஆனால் நீர்ப்பரப்பைக் காகிதம் பார்க்காது. உரிமம் கொடுத்த தேதியில் இருந்த நீர் இறங்கும் தேதியில் இருக்காது.

ஆகவே முடிவாக எனது தீர்ப்பு இது. கெலவரப்பள்ளியில் சீபிளேன் இறக்க அனுமதி கேட்டு மனு வந்தால், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் கழிவுநீர் நிற்கும் வரை அதை நிராகரிக்க வேண்டும். கே.ஆர்.பி. அணைக்கு வந்தால் நீரா தரையா என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்க்க இரண்டு விமானிகள், நாள்தோறும் படகு ஆய்வு, சம்பளம் பெறும் உள்ளூர்ப் பரிசல்காரர்களின் மீட்புக் குழு, உடலில் அணிந்த மிதவை உடை, நீர்மட்டம் குறைந்த மாதங்களில் சேவை நிறுத்தம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.